முதல் ஓவர்லாக் மெஷினை எப்படித் தேர்ந்தெடுப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆறு ஆண்டுகளாக வீட்டிலேயே சாதாரணத் தையல் மெஷினில் குழந்தைகளின் உடைகளையும் எனக்கான சட்டைகளையும் தைத்து வருகிறேன். வெளித்தோற்றம் நன்றாக வருகிறது. ஆனால் நாலைந்து முறை துவைத்ததும் உள்பக்க விளிம்பு பிசிறு பிசிறாகப் பிரிந்து, சில இடங்களில் தையலே விட்டுப்போகிறது. துணியின் விளிம்பை வெட்டி நூலால் சுற்றித் தரும் ஓவர்லாக் மெஷின் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். நூல்களின் எண்ணிக்கை கூடக்கூட மெஷின் நல்லது என்கிறார் ஒருவர். காற்றால் தானாகவே நூல் கோக்கும் மெஷினைத் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள் என்கிறார் மற்றொருவர். முதன்முதலாக வாங்குபவர் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

பதில்: வீட்டுத் தையலுக்கு மூன்று நூலிலும் நான்கு நூலிலும் தைக்கக்கூடிய, துணி நீளாமலும் சுருங்காமலும் நகர உதவும் டிஃபரன்ஷியல் ஃபீட் வசதி உள்ள ஒரு மெஷின் தாராளமாகப் போதும். நான்கு நூலில் தைத்தால் துணிகளை இணைப்பது, ஓரத்தை வெட்டுவது, வெட்டிய ஓரத்தை நூலால் சுற்றுவது ஆகிய மூன்றும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். இது பின்னல் துணிக்கு மிகவும் ஏற்றது. நீங்கள் தைக்கும் நெய்த துணிச் சட்டைகளுக்கோ, சாதாரண மெஷினில் இணைத்துவிட்டு, ஓரத்தை மட்டும் மூன்று நூலில் சுற்றுவதே என் அனுபவத்தில் உறுதியாகவும் மெல்லியதாகவும் அமைகிறது. ஐந்து நூல் மெஷினுக்குக் கூடுதலாகச் செலவிடும் பணத்தை நல்ல நூலுக்கும் ஊசிகளுக்கும் ஒதுக்குங்கள் என்றே சொல்வேன். ஓவர்லாக்கில் அடிநூல் சுற்றிய பாபின் கிடையாது; அதன் வேலையை மேல் லூப்பர், கீழ் லூப்பர் என்ற இரண்டு வளைந்த கரங்கள் செய்கின்றன. ஓரம் முழுவதையும் சுற்றி வருவது லூப்பர் நூல்தான் என்பதால் ஊசி நூலைவிட அது பல மடங்கு செலவாகும். ஆகவே லூப்பர்களுக்குக் கூம்பு வடிவில் பெரிதாகச் சுற்றிய கோன் நூலே வசதி. துணியின் நிறத்துக்குப் பொருந்த வேண்டியது முக்கியமாக இடது ஊசியின் நூல் மட்டுமே. மற்ற மூன்றும் சாம்பல் நிறமாக இருந்தாலும் வெளியே தெரியாது.

விலையைக் கேட்பதற்கு முன்னால், கீழ் லூப்பரில் நீங்களே நூல் கோத்துப் பார்க்க வேண்டும். ஓவர்லாக் வாங்கியவர்களில் பலர் அதை உறை போட்டு மூடி வைத்திருப்பதற்கு இந்த ஒரு வேலையே காரணம் என்பதை மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறேன். நல்ல மெஷின் பயன்படாமல் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. கடைக்காரர் கோத்துக் காட்டுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். முன்மூடியைத் திறந்து, கைச்சக்கரத்தைத் திருப்பி, இடுக்கியால் நூலைப் பிடித்து, வண்ணக் குறிகளின் வழியே நீங்களே கொண்டுசெல்லுங்கள். உங்கள் விரல் அங்கே நுழைகிறதா, லூப்பரின் துளை கண்ணுக்குத் தெரிகிறதா, விளக்கொளி அந்த இடத்தில் விழுகிறதா என்பவற்றையெல்லாம் எந்த விளம்பரத் தாளும் சொல்லாது.

கோக்கும் வரிசையும் முக்கியம். பெரும்பாலான வீட்டு மெஷின்களில் முதலில் மேல் லூப்பர், அடுத்துக் கீழ் லூப்பர், கடைசியாக ஊசிகள். தைக்கும்போது கீழ் லூப்பர் நூல் அறுந்தால், அதை மட்டும் புதிதாகக் கோத்துவிட்டு ஓட்டினால் இரண்டு மூன்று தையலிலேயே மீண்டும் அறுந்துவிடும். ஊசி நூல் ஏற்கெனவே அந்த லூப்பரின் மேல் வளையமாகக் கிடப்பதால் புதிய நூல் அதில் சிக்கிக்கொள்கிறது. மெஷின் பழுது என்று எண்ணிப் பலர் கடைக்குத் தூக்கிச் செல்வது இதற்காகத்தான். ஊசி நூல்களை வெளியே இழுத்துவிட்டு, கீழ் லூப்பரைக் கோத்து, பிறகு ஊசிகளைக் கோத்தால் சரியாகிவிடும்.

காற்றால் கோக்கும் மெஷினில் லூப்பர் நூல் ஒரு குழாய் வழியே நொடியில் போய்ச் சேர்கிறது. கண்பார்வை குறைந்தவர்களுக்கும் கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் அது பெரும் உதவி என்பதில் எனக்கு ஐயமில்லை. மற்றவர்களுக்கு அது சௌகரியம்தானே தவிர, கட்டாயமில்லை. நிறத்தை மாற்றும்போது பழைய நூலைக் கோனுக்கு அருகில் வெட்டி, புது நூலை அதனோடு முடிச்சுப் போட்டு, டென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தை, பூஜ்யத்துக்குக் குறைத்து மெதுவாக இழுத்தாலே லூப்பர் வரை வந்துவிடும். ஊசித் துளைக்கு முன் மட்டும் முடிச்சை வெட்டிவிட்டுக் கையால் கோக்க வேண்டும்.

டிஃபரன்ஷியல் ஃபீட் என்பது துணியை நகர்த்தும் பற்கள் முன்னும் பின்னுமாக இரண்டு தொகுதிகளாகப் பிரிந்து, வெவ்வேறு அளவில் நகர்வது. வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் 0.7 முதல் 2.0 வரை அளவு இருக்கும். பின்னல் துணி அலையலையாக நீண்டு வந்தால் 1.3 அல்லது 1.5-க்கு ஏற்றுங்கள்; மெல்லிய துணி சுருங்கினால் 0.8 அளவுக்கு இறக்குங்கள். எடுத்துக்காட்டாக, பிரதர் 1034டி, ஜூகி எம்ஓ-654டிஇ ஆகிய இரண்டிலுமே இந்த வசதி உண்டு. முன்னது மூன்று, நான்கு நூலில் தைக்கும், பின்னது இரண்டு நூலிலும் தைக்கும். சோதித்துப் பார்க்கக் கடையில் தரும் விறைப்பான துண்டுத் துணி போதாது. நீங்கள் அன்றாடம் தைக்கும் மெல்லிய துணி, இழுபடும் துணி, தடித்த துணி ஆகியவற்றில் ஒவ்வொரு துண்டைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

அங்கேயே நான்கு வெவ்வேறு நிற நூல்களைக் கோத்துத் தைக்கச் சொல்லுங்கள். மேல் லூப்பர் நூல் மேற்பக்கத்திலும் கீழ் லூப்பர் நூல் அடிப்பக்கத்திலும் படிந்து, இரண்டும் வெட்டிய ஓரத்தின் மீது சரியாகச் சந்திக்க வேண்டும். மேல் நூல் அடிப்பக்கம் வரை இழுபட்டுப் போனால், அதன் இறுக்கம் தளர்ந்திருக்கிறது அல்லது கீழ் நூல் மிகையாக இறுகியிருக்கிறது என்று பொருள். நிறங்கள் வேறாக இருப்பதால் எந்தத் திருகைத் திருப்ப வேண்டும் என்பது உடனே விளங்கிவிடும்.

தைக்கும்போதே ஓரத்தை வெட்டிச் செல்லும் கத்தியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. என் தொடக்க நாள்களில், கைப்பகுதியை இணைத்துக்கொண்டிருந்தபோது சட்டையின் முன்பாகம் மடிந்து அடியில் போனதைக் கவனிக்கவில்லை; விரற்கடை நீளத்துக்கு வெட்டு விழுந்தது, அந்தச் சட்டையை மீட்க முடியவில்லை. அன்று முதல் ஓட்டத் தொடங்கும் முன் இடது கையால் அடித்துணியைத் தடவிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். குண்டூசிகள் கத்தியில் பட்டால் கத்தி முனை சிதையும், உடைந்த துண்டு கண்ணிலும் தெறிக்கலாம். அவற்றுக்குப் பதில் கிளிப்புகளைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: கடையில் வாங்கும் டி-ஷர்ட்டின் கீழ் மடிப்பில் இரண்டு இணைகோடுகளாகத் தையல் இருக்கிறதே, அதையும் ஓவர்லாக்கிலேயே போடலாமா?

பதில்: முடியாது. அது கவர்ஸ்டிச் எனப்படும் வேறு வகைத் தையல். அதற்குத் தனி மெஷின் வேண்டும். இரண்டையும் செய்யும் கூட்டு மெஷின்களும் உண்டு. ஆனால் பலவற்றில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் ஊசியையும் நூலையும் மாற்றியமைக்க வேண்டும் என்பதால், முதல் மெஷினாக அதை நான் பரிந்துரைப்பதில்லை. சாதாரண மெஷினில் இரட்டை ஊசி போட்டால் இதே தோற்றம் கிடைக்கும்.

கேள்வி: தையல் கடையில் பயன்படுத்திய பெரிய ஓவர்லாக் மெஷின் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: நாள்தோறும் பல மணி நேரம் தைப்பவராக இருந்தால் வாங்கலாம். அது நிமிடத்துக்கு 5,000 தையலுக்கு மேல் ஓடக்கூடியது. வீட்டு மெஷினோ பெரும்பாலும் 1,300 முதல் 1,500 வரைதான். கடை மெஷினின் வேகத்தில் துணியைத் திருப்பக் கற்பதற்கு முன்பே கத்தி பல உடைகளை வெட்டியிருக்கும். தனி மேசை, மோட்டார், எண்ணெய்ப் பராமரிப்பு, இரைச்சல் ஆகிய எல்லாவற்றுக்கும் வீட்டில் இடமிருக்கிறதா என்று பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் வாங்குவதாக இருந்தால், கத்தி புதிதாகக் கிடைக்குமா, அந்த மாதிரிக்குரிய ஊசி எளிதில் கிடைக்குமா என்பதை விசாரித்துவிட்டு, நூல் கோத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெய் துணியில் கசிகிறதா என்பதை அறிய, வெள்ளைத் துணியிலேயே தைத்துப் பாருங்கள்.