ஃப்ளாங்கிங்கும் போன கண்ணும் – கடிதம்

வணக்கம் அண்ணா,

டிஎன்டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டரா டைஸ் உருட்டி ஆடுற கதை விளையாட்டு) ஐந்தாம் எடிஷன், 2014 ரூல்ஸ்ல ஒரு கேம்பெய்ன், அதாவது தொடர்கதை, ஓட்டிட்டு இருக்கேன், நான்தான் டிஎம், ஆட்டத்த நடத்துற ஆள். சண்டையெல்லாம் சப்புன்னு இருக்கேன்னு டிஎம் கைடுல இருக்குற ஆப்ஷனல் ரூல்ஸ்ல ஃப்ளாங்கிங் (எதிரிய ரெண்டு பக்கமும் நின்னு அடிக்கிறது), நிரந்தர காயம் ரெண்டையும் சேர்த்தேன். இப்ப பார்பேரியன், அதாவது முரட்டு வீரன் கேரக்டர், ஆடுறவன் மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கான், வில்லு வெச்சிருக்குறவனுக்கு ஒரு கண்ணு போச்சு. ரியலிசம் வேணும்னு நெனச்சது தப்பா? ரெண்டையும் தூக்கிடவா?

எம்.

அன்புள்ள எம்.,

பார்பேரியன் கோவம் நியாயந்தாங்க. அவரோட ரெக்லஸ் அட்டாக்ங்கற முரட்டு அடியில டி20ய (இருபது பக்க டைஸ்) ரெண்டு தடவ உருட்டி பெருச எடுத்துக்கலாம், அதுக்குப் பேரு அட்வான்டேஜ், ஆனா பதிலுக்கு அவரோட அடுத்த டர்ன் வர்ற வரைக்கும் எதிரிங்களும் அவர அதே அட்வான்டேஜோட அடிப்பாங்க, அதாவது காசு குடுத்து வாங்குறார். நீங்க என்ன பண்ணீங்க, எதிரிக்கு இந்தப்பக்கம் ஒருத்தன் அந்தப்பக்கம் ஒருத்தன் நின்னா போதும், அதே சரக்கு எல்லாருக்கும் ஓசின்னுட்டீங்க.

மூணரை எடிஷன்லயும் ஃப்ளாங்கிங் இருந்துச்சு, ஆனா உருட்டுன நம்பரோட வெறும் +2. அதுலயும் எதிரியோட கைக்கெட்டுற கட்டங்கள் வழியா சுத்திப் போனா பெரும்பாலும் ஒரு அடி வாங்கிட்டுதான் பின்னாடி போய் நிக்கணும். ஐந்தாம் எடிஷன்ல கைக்கெட்டுற தூரத்த விட்டு வெளிய போனாத்தான் ஆப்பர்சூனிட்டி அட்டாக் (எதிரிக்குக் கெடைக்கிற ஓசி அடி), உள்ளயே வட்டம் அடிச்சா ஒண்ணும் கெடையாது. கஷ்டமும் இல்ல, பரிசும் பெருசு. அடி விழ 11ஓ அதுக்கு மேலயோ உருட்டணும்னா 50 சதவீதமா இருந்த சான்ஸ் 75 ஆயிடுது, அது +5க்கு சமம். அப்புறம் இதே அட்வான்டேஜுக்காக எவன் எதிரிய கீழ தள்ளிவிட மெனக்கெடப் போறான்? நான் இத ஓட்டினப்ப ஒரு சண்டை முடியுறப்ப போர்டப் பாத்தா நம்மாளு, கோப்ளின் (குட்டிப் பூதம் மாதிரி எதிரி), நம்மாளு, கோப்ளின்னு ரேஷன் க்யூ மாதிரி ஒரே வரிசையில நிக்கிறாங்க, எனக்கே சிரிப்பு வந்துடுச்சு.

இதவிட பெரிய வம்பு, நீங்க சேர்த்த ரெண்டு ரூலும் ஒண்ணுக்கொண்ணு கைகோத்துக்கிச்சு. அட்வான்டேஜ் இருந்தா கிரிட்டிக்கல், அதாவது டைஸ்ல 20 விழுற பலத்த அடி, வர்ற சான்ஸ் 5 சதவீதத்துல இருந்து 9.75, கிட்டத்தட்ட டபுள். நிரந்தர காயத்துக்கு புக்குல சொல்ற தருணங்கள்ல முதல் ஆளே கிரிட்டிக்கல்தான், எதிரிங்களும் ஃப்ளாங்க் பண்ணுவாங்க இல்லையா, அப்ப காயம் எத்தன மடங்கு வரும்னு நீங்களே பாத்துக்கோங்க. கோப்ளினுக்கு கண்ணு போனா என்ன, அது எப்படியும் இன்னும் ரெண்டு ரவுண்டுல சாகப் போகுது, உங்க வில்லாளிதான் இனிமே ஒவ்வொரு செஷன்லயும் எல்லா அம்பையும் டிஸ்அட்வான்டேஜோட, அதாவது ரெண்டு தடவ உருட்டி சின்னத எடுத்துக்கிட்டு, விடணும். ரீஜெனரேட்ங்கற மந்திரம் போட்டா கண்ணு வரும், ஆனா அது ஏழாம் லெவல் ஸ்பெல், உங்க கிளெரிக் (பூசாரி கேரக்டர்) 13ஆம் லெவல் ஏறுற வரைக்கும் காத்திருக்கணும். ரியலிசம்னு நெனச்சு போட்டீங்க, நடந்தது என்னன்னா ஹீரோ பக்கம் மட்டும் வட்டி ஏறுது.

ஆப்ஷனல் ரூலே ஆகாதுன்னு சொல்ல வரல. 1974ல வந்த முதல் டிஎன்டில டி20 உருட்டி அடிக்கிற முறையே 'மாற்று' முறைன்னுதான் அச்சாச்சு, மெயின் சண்டைக்கு 1971ல வந்த செயின்மெயில்ங்கற போர் விளையாட்டு ரூல்ஸ எடுத்துக்கச் சொன்னாங்க. அந்த மாற்றுதான் இன்னிக்கு நாம ஆடுறது.

சப்புன்னு இருக்குன்னா நான் போடச் சொல்றது மொரால், எதிரிங்களோட தைரியம் நிக்குதான்னு பாக்குற ரூல். 1981 பேசிக் செட்ல ரெண்டு ஆறு பக்க டைஸ் உருட்டுவாங்க, முதல் ஆள் விழுந்தப்பவும் கூட்டம் பாதி ஆனப்பவும், அந்த ஜந்துவோட மொரால் நம்பரத் தாண்டுச்சுன்னா ஓட்டந்தான். உங்க டிஎம் கைடுலயும் இருக்கு, டிசி 10 விஸ்டம் சேவ், அதாவது டி20யோட விஸ்டம் போனஸ் சேத்து 10 வரலேன்னா ஓட்டம். கடைசி மூணு கோப்ளின ஒண்ணொண்ணா வெட்டுற அந்த அறுவையான அரைமணி நேரம் போயிடும், ஓடுறவன தொரத்துறதா, பிடிச்சு விசாரிக்கிறதா, ஓடிப்போனவன் ஆள் கூட்டிட்டு வருவானான்னு டேபிள்ல பேச்சு கெளம்பும்.

ஃப்ளாங்கிங்க +2 ஆக்குங்க, இல்ல தூக்கிடுங்க. காயத்த கிரிட்டிக்கலுக்கு வேணாம், ஹிட் பாயின்ட் (உயிர்க் கணக்கு) பூஜ்யத்துக்கு வந்தா மட்டும் வெச்சுக்கோங்க, அதுவும் ஆடுற எல்லாரும் சரின்னா. கண்ணு போனவர்கிட்ட தனியா கேளுங்க, சில பேருக்கு அந்தக் கண்பட்டையே பிடிச்சுப் போயிருக்கும், அவசரப்பட்டு வைத்தியம் பாத்துடாதீங்க.