மருத்துவர் பதில்: அப்பாவின் சிறுநீரகம் பழுதா, இல்லையா?

கேள்வி: நீடாமங்கலத்துக்கு அருகில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வயது 58. பத்து ஆண்டுகளாக இரத்தக் கொதிப்பு உண்டு, சர்க்கரை இல்லை. வைகாசியில் வரப்பு வெட்டிவிட்டு வந்த மறுநாள் எடுத்த பரிசோதனையில் கிரியேட்டினின் 1.6 என்று வந்தது. சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிவிட்டது என்றார் மருத்துவர். பத்து நாள் கழித்துக் கும்பகோணத்தில் எடுத்தபோது 1.3, அங்கே ஒன்றுமில்லை என்றார்கள். தஞ்சாவூரில் எடுத்த ஸ்கேனில் இரு சிறுநீரகத்திலும் முதல் நிலை மாற்றம், இடப்பக்கம் 1.2 செ.மீ. நீர்க்கட்டி என்று இருக்கிறது. வயதானால் வருவதுதான் என்றார் அங்கிருந்த மருத்துவர். இணையத்தில் படித்து, பருப்பையும் வாழைப்பழத்தையும் நிறுத்திவிட்டோம். தினம் ஐந்து லிட்டர் தண்ணீரும் நெருஞ்சில் கஷாயமும் கொடுக்கிறோம். முழங்கால் வலிக்கு மட்டும் மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிக்கொள்கிறார். சில வாரங்களாகக் காலையில் இமை தடித்திருக்கிறது. சிறுநீரில் நுரை நிற்கிறது. தண்ணீர் அதிகம் குடிப்பதால் இருக்கும் என்று நினைக்கிறோம். சர்க்கரை நோயாளியான பெரியப்பா டயாலிசிஸ் செய்துகொண்டே இறந்தவர். யார் சொல்வதை நம்புவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதிய இமை வீக்கத்தையும் நுரையையும் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மூன்று ஊர்களில் மூன்று மருத்துவர்களைப் பார்த்திருக்கிறீர்கள். அப்பா இரண்டு முறை பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்திருக்கிறார், ஒரு முறை ஸ்கேன் எடுத்திருக்கிறார். ஆனால் நீங்கள் எழுதியதிலிருந்து பார்த்தால், சிறுநீரகத்தைப் பற்றிய இத்தனை விசாரணையில் யாரும் அவருடைய சிறுநீரைப் பரிசோதித்ததாகத் தெரியவில்லை. எனக்கு வருத்தம் தருவது இதுதான்.

தண்ணீர் அதிகம் குடிப்பதால் நுரை வருவதில்லை. வேகமாகப் போகும்போது எழும் பெரிய குமிழிகள் சில நொடிகளில் உடைந்துவிடும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். நெருக்கமான சிறு குமிழிகளாகப் படிந்து, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிய பிறகும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிற நுரை நாள்தோறும் வருமானால், சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சிறுநீரகத்தின் வடிகட்டிகள் கழிவை வெளியே விட்டு, ஆல்புமின் என்ற புரதத்தை இரத்தத்திலேயே நிறுத்திக்கொள்ள வேண்டியவை. அவை நைந்துபோனால் அந்தப் புரதம் சிறுநீரோடு போகும், உடலில் உப்பும் நீரும் தங்கும். இரவெல்லாம் படுத்திருப்பவருக்கு அந்த நீர் கண்ணைச் சுற்றியுள்ள தளர்ந்த தோலில் சேர்வதால்தான் விடியும்போது இமை தடித்துத் தெரிகிறது. உங்கள் அப்பாவுக்கு இதுதான் என்று கடிதத்தைப் படித்துவிட்டு நான் முடிவு கட்ட மாட்டேன். ஆனால் இந்த இரண்டும் சேர்ந்து வரும்போது, இந்த வாரத்துக்குள் ஒரு பரிசோதனை செய்துவிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தப் பரிசோதனையின் பெயர் சிறுநீர் ஆல்புமின் கிரியேட்டினின் விகிதம். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரில், முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். காய்ச்சல் இருக்கும் நாளிலும், முதல் நாள் வெயிலில் கடுமையாக வேலை செய்திருந்தாலும் எடுக்க வேண்டாம். அப்போது எண் பொய்யாக ஏறிக் காட்டலாம். விடை (ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு இத்தனை மில்லி கிராம் ஆல்புமின் என்ற கணக்கில்) 30-க்குள் இருந்தால் கசிவு இல்லை. 30 முதல் 300 வரை என்றால் கசிவு தொடங்கியிருக்கிறது. மறுபடி எடுத்து உறுதிசெய்ய வேண்டும். 300-ஐத் தாண்டினாலோ, அதே சிறுநீரில் இரத்த அணுக்கள் தெரிந்தாலோ, காத்திருக்காமல் சிறுநீரக நிபுணரிடம் செல்ல வேண்டும். அவர் பயாப்ஸி என்று சொன்னால் புற்றுநோய் என்று எண்ணிக் கலங்க வேண்டாம். எந்த வகை அழற்சி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அறிவதற்காகவே பெரும்பாலும் சிறுநீரகத்திலிருந்து ஊசி முனை அளவு சதை எடுத்துப் பார்க்கிறோம்.

இப்போது அந்த 1.6-க்கும் 1.3-க்கும் வருகிறேன். ஒன்று மெய் என்றால் மற்றொன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று உங்கள் வீட்டில் விவாதம் நடப்பது கடிதத்தில் தெரிகிறது. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் அதை இரத்தத்திலிருந்து வெளியேற்றுகிறது. நாள் முழுவதும் மண்வெட்டி பிடித்து வரப்பு வெட்டி, வியர்வையில் உடம்பு நீர் வற்றி, வலிக்கு மாத்திரையும் போட்டுக்கொண்டு படுத்தவரிடம் மறுநாள் காலை எடுத்தால் ஏறித்தான் இருக்கும். முதல் நாள் இரவு கறி சாப்பிட்டிருந்தாலும் சற்று ஏறும். பத்து நாள் ஓய்வுக்குப் பின் அதே மனிதரிடம் இறங்கும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் முறை மாறினாலும் சிறு வித்தியாசம் வரும்.

ஆனாலும் 1.3 என்றதும் நிம்மதியடைந்து எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. 58 வயது ஆணுக்கு 1.3 என்பது, இன்று நாங்கள் பயன்படுத்தும் கணக்கின்படி, நிமிடத்துக்கு ஏறக்குறைய 64 மில்லி லிட்டர் வடிகட்டும் திறன், 1.6 என்பது ஏறக்குறைய 50. அறுபதுக்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நின்றாலோ, புரதக் கசிவு அதே காலம் நீடித்தாலோதான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயரிடுகிறோம். முதல் மருத்துவர் ஒரே தாளை வைத்துக்கொண்டு பழுது என்றார். இரண்டாமவர் ஆய்வகம் அச்சிட்டுத் தந்த எல்லைக்குள் எண் இருப்பதைப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். "இன்றைக்கு இதற்குப் பெயர் வைக்க முடியாது, மூன்று மாதம் பார்த்துச் சொல்கிறேன்" என்பதே அந்த இரண்டு தாள்களுக்கும் பொருந்துகிற நேர்மையான பதில். அதைச் சொல்ல மருத்துவர்களாகிய நாங்கள் தயங்குகிறோம். நோயாளியின் வீட்டாருக்கும் அதைக் கேட்கப் பொறுமை இருப்பதில்லை. மூன்று மாதம் என்பது நாற்றங்காலில் விட்ட குறுவை கதிர் முற்றுகிற அளவுக்குள்ள காலம். அதுவரை காத்திருக்க உங்கள் அப்பாவுக்கு நீங்களோ நானோ சொல்லித்தர வேண்டியதில்லை. காத்திருக்கும்போது செய்ய வேண்டியதைச் செய்வதுதான் முக்கியம்.

அதில் முதலாவது அந்தச் செட் மாத்திரையை இன்றே நிறுத்துவது. முழங்கால் வலிக்கு "மட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை கடிதத்திலேயே அபாயமான சொல் அதுதான். இந்தப் பகுதியில் நடவும் அறுவடையும் முடிகிற நாள்களில், என் மேசையில் மஞ்சள் பையைக் கவிழ்த்துக் காட்டுபவர்கள் பலர்: அட்டையிலிருந்து பிய்த்து எடுத்த ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள், பாதியாக உடைத்த ஒரு பழுப்பு நிறம், காகிதப் பொட்டலத்தின் மேல் பேனாவால் 'காலை, இரவு'. பெயர் கேட்டால் யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் அதில் டைக்ளோபெனாக்கோ அசிக்ளோபெனாக்கோ இருக்கும். சில பொட்டலங்களில் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். இந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குள் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. உடலில் நீர் வற்றிய நேரத்தில், இரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது இன்னும் கடுமையாக இறங்கும். வெயிலில் வேலை செய்துவிட்டு இதைப் போட்டுக்கொண்டு படுத்த ஒருவருக்கு 2.1 வரை ஏறி, வேறு எந்தச் சிகிச்சையும் இல்லாமல், அந்தப் பொட்டலத்தை நிறுத்தியதாலேயே 1.2-க்கு இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமாலை மருத்துவர் சொல்லும் அளவில் எடுத்துக்கொள்ளலாம். முழங்காலுக்கு ஒத்தடமும், தொடைத் தசைக்கான பயிற்சியும் உதவும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்தச் செட்டை மாதக்கணக்கில் தினமும் சாப்பிட்டு வந்திருந்தால், ஸ்டீராய்டு இருக்கும்பட்சத்தில் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து; அப்போது நாளைக்கே மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் முறையில் நிறுத்துங்கள்.

இரத்தக் கொதிப்பு மாத்திரையை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். சிறுநீரகத்தைக் காப்பது எண்ணெய்க் கொப்பளிப்போ கஷாயமோ இல்லை. 130/80-க்குக் கீழே நிற்கும் இரத்த அழுத்தம்தான் காக்கிறது. பத்து ஆண்டுகளாகக் கொதிப்பு இருக்கிறது என்று எழுதியவர், இப்போது அது எவ்வளவு என்று எழுதவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளர் அளந்து சொல்வார். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அளக்கலாம். சிறுநீரில் புரதம் உறுதியானால், டெல்மிசார்ட்டான், ராமிப்ரில் போன்ற, கசிவையும் சேர்த்துக் குறைக்கும் மாத்திரையை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். அதைத் தொடங்கியபின் கிரியேட்டினின் சற்றுக் கூடினால் பதறி நிறுத்திவிடாதீர்கள். முப்பது சதவீதம் வரையிலான ஏற்றத்தை நாங்கள் எதிர்பார்ப்பதுண்டு, அதற்காகவே இரண்டு முதல் நான்கு வாரங்களில் இரத்தத்தில் பொட்டாசியம் அளவையும் சேர்த்து மறுபடி பார்ப்போம்.

மற்றவை சிறு கவலைகள். 1.2 செ.மீ. நீர்க்கட்டி ஐம்பதைக் கடந்த பலருக்கும் இருப்பது. எளிய நீர்க்கட்டி என்று அறிக்கை சொன்னால் அதைத் திரும்ப ஸ்கேன் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். பெரியப்பாவின் நோய் பரம்பரையாக வருகிற நீர்க்கட்டிச் சிறுநீரகமோ என்ற பயமும் வேண்டாம். அந்த நோயில் இரண்டு சிறுநீரகங்களும் வீங்கி, கட்டிகள் கொத்துக்கொத்தாய் நிறைந்திருக்கும். 58 வயதில் அது ஸ்கேனில் தெரியாமல் இருக்காது. முதல் நிலை மாற்றம் என்பது ஸ்கேன் படத்தில் சிறுநீரகம் சற்று வெளிச்சமாகத் தெரிவது; அது எடுத்தவரின் கண்ணையும் கருவியையும் பொறுத்தது. அதைவிடச் சிறுநீரகத்தின் நீளம் என்ன என்று அறிக்கையில் பாருங்கள், பத்து செ.மீ. அளவில் இருந்தால் சுருங்கவில்லை என்று பொருள்.

இணையத்தில் படித்தது பெரும்பாலும் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கான உணவு முறை. அதை வயலில் இறங்கி வேலை செய்யும் மனிதருக்கு அப்படியே கொடுத்துப் பருப்பை நிறுத்தினால், சிறுநீரகம் பிழைக்காது, உடம்புதான் இளைக்கும். பருப்பை அளவாகக் கொடுங்கள். வாழைப்பழத்தையும் இளநீரையும் நிறுத்துவதா என்பதைப் பொட்டாசியம் எண்தான் தீர்மானிக்க வேண்டும். குறைக்க வேண்டியது உப்பு: ஊறுகாய், கருவாடு, அப்பளம், வடகம், ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்குள். இந்துப்பும் உப்புதான். சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள், அது இவருக்கு வேண்டாம். ஐந்து லிட்டர் தண்ணீரையும் விடுங்கள். இமை வீங்குகிறவருக்கு அது வீக்கத்தைத்தான் கூட்டும்; தாகத்துக்கு ஏற்பவும், வயலில் இருக்கும்போது வியர்வைக்கு ஏற்பவும் குடித்தால் போதும். நெருஞ்சில் கஷாயத்தை நோய் இன்னதென்று தெரியும்வரை நிறுத்துங்கள். சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. எந்தப் பொருளால் எந்த எண் மாறுகிறது என்று தெரியாத குழப்பத்தை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சர்க்கரையும் கொதிப்பும் இல்லாத விவசாயத் தொழிலாளர்களுக்கே சிறுநீரகம் பாதிக்கப்படுவதை இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும், ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் பார்த்திருக்கிறார்கள். காரணம் முழுதாகத் தீர்மானமாகவில்லை. வெப்பமும் நீர் வற்றுவதும் அதில் பங்கு கொள்கின்றன என்ற சந்தேகம் வலுவாக இருக்கிறது. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததும் வேலை குவியும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கடும் வேலையைக் காலை பத்து மணிக்குள் முடித்துக்கொண்டு, நடுப்பகலில் நிழலில் இருக்கச் சொல்லுங்கள்.

யாரை நம்புவது என்று கேட்டீர்கள். மூவரில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்; கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்கிறவராக இருந்தால் போதும். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தேதி, இரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீர் ஆல்புமின், எடுத்த ஆய்வகத்தின் பெயர், முதல் நாள் என்ன வேலை, என்ன மாத்திரை என்று எழுதி வையுங்கள். ஒரே ஆய்வகத்தில், ஒரே மாதிரி ஓய்வு நாளில், மாதம் ஒரு முறை மூன்று மாதம் எடுங்கள். நான்காவது மருத்துவரிடம் போனால் நான்காவது கருத்து கிடைக்கும். அந்த நோட்டோடு போனால் உங்கள் மருத்துவர் தன் கருத்தையே திருத்திக்கொள்ள முடியும்.

இத்தனையும் கேட்டபின் உங்கள் மனதில் நிற்பது பெரியப்பாதான் என்று எனக்குத் தெரியும். அவருக்குச் சர்க்கரை இருந்தது. உங்கள் அப்பாவுக்கு இல்லை. வடிகட்டும் திறன் பதினைந்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் வழக்கமாக டயாலிசிஸ் தேவைப்படுகிறது. உங்கள் அப்பாவின் மோசமான தாளிலும் அது ஐம்பது. புரதக் கசிவு இருந்தாலும், அதைக் குறைக்கவும் நோயின் வேகத்தைத் தணிக்கவும் மருந்துகள் உள்ளன. சீக்கிரம் தொடங்குகிறவர்களுக்கு அவை அதிகம் பயன்படுகின்றன.

சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, காபி டிகாக்ஷன் நிறத்தில் போனாலோ, கால் வீக்கம் ஓரிரு நாளில் ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, நிற்காத வாந்தி இருந்தாலோ, மூன்று மாதக் கணக்கெல்லாம் அப்போது இல்லை. அன்றே திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அதற்கு முன்பாக, இன்று இரவே அப்பாவின் தலைமாட்டில் இருக்கும் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அந்த மெடிக்கலுக்குச் சென்று, ஒவ்வொரு மாத்திரையின் அட்டையையும் காட்டச் சொல்லி, பெயரை அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.