கடைசி ஆளோடு நடப்பவள்

பெரு நாட்டின் ஆண்டீஸ் மலைகளுக்குக் குழுவாக நடக்கப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன். ஒன்பது வருடங்களாகச் சிறு குழுக்களோடு அங்கே போய்வருகிறேன். உள்ளூர் வழிகாட்டி முன்னால் போவார், நான் எல்லோருக்கும் கடைசியில் வருகிறவரோடு நடப்பேன். அதனால் என் பதில்களில் பின்வரிசை வாசனை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

கே: எனக்கு 58 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. மச்சு பிச்சு இடிபாடுகளுக்கு இட்டுச்செல்லும் இன்கா பாதையில் நடக்கப் போகும் எங்கள் குழுவில் மற்ற எல்லோரும் முப்பதுகளில் இருப்பவர்கள். நான் அவர்களுக்குப் பாரமாகிவிடுவேனோ?

ப: டீச்சர், அந்த முப்பதுகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை. இரண்டாம் நாள் வய்யாபம்பாவிலிருந்து வார்மிவாஞுஸ்கா கணவாய்க்கு ஏற வேண்டும். ஏறத்தாழ 3,000 மீட்டரில் தொடங்கி 4,215 மீட்டர் வரை, பெரும்பாலும் கல் படிகள். இளவட்டங்கள் ஐம்பது படியை ஒரே மூச்சில் ஏறுவார்கள், அப்புறம் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்பார்கள். ஒருமுறை என்னோடு 61 வயதுப் பெண்மணி ஒருவர் வந்தார். இருபது படி ஏறுவார், நின்று பத்து மூச்சு விடுவார், மறுபடி இருபது படி. உட்காரவே இல்லை. கணவாயை அடைந்தபோது அவருக்குப் பின்னால் நாலு பேர் வந்துகொண்டிருந்தார்கள். நான் அவரை விட்டுவிட்டு அந்த நாலு பேருக்குத் துணையாகப் பின்தங்க வேண்டியதாயிற்று.

அந்த மலைமக்களின் கெச்சுவா மொழியில் அந்தக் கணவாயின் பெயருக்கு 'இறந்த பெண்' என்று பொருள். கீழிருந்து பார்த்தால் மலைமுகடு ஒரு பெண் மல்லாந்து படுத்திருப்பது போலத் தெரிவதால் அந்தப் பெயர். பயப்பட வேண்டாம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது இறக்கத்தை. கணவாயைத் தாண்டியதும் பகாய்மாயு முகாம் வரை சுமார் 600 மீட்டர் படியிறக்கம், மூன்றாம் நாள் அதைவிட அதிகம். முழங்கால் கெடுவது அங்கேதான். இப்போதிருந்தே மாடிப்படி இறங்கிப் பழகுங்கள். கைத்தடி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், முனையில் ரப்பர் மூடி இருக்க வேண்டும். வெறும் இரும்பு முனை பழைய கற்களைச் சிதைக்கும் என்று அந்தப் பாதையில் அனுமதிப்பதில்லை.

கே: உயரத்தில் தலைவலி வருவது சகஜம் என்கிறார்கள். எனக்காக மற்றவர்களைக் காக்க வைக்காமல், ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடந்துவிடலாமா?

ப: இந்த இதழுக்கு வந்ததிலேயே முக்கியமான கேள்வி இது. கேள்வியில் இருக்கும் 'காக்க வைக்காமல்' என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது.

தலைவலி சகஜம்தான். பெருவின் தலைநகர் லீமா கடற்கரையில் இருக்கிறது. அங்கிருந்து ஒன்றேகால் மணி நேரம் விமானத்தில் பறந்து, 3,400 மீட்டரில் இருக்கும் குஸ்கோவில் இறங்குகிறோம். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சுக்கும் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் உள்ளே போகிறது. உடம்பு இதற்குப் பழக நாள் பிடிக்கும். அதுவரை வருகிற தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாவற்றையும் சேர்த்து அங்கே 'சொரோச்சே' என்பார்கள். சாதாரண வலி மாத்திரை போட்டு, தண்ணீர் குடித்து, அன்று மேலே ஏறாமல் இருந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் மேலே ஏறுவதுதான் வினை.

சில வருடங்களுக்கு முன் எட்டுப் பேரோடு சல்கந்தாய் பாதைக்குப் போயிருந்தோம். அதில் ஒருவர் மாரத்தான் ஓடுகிறவர். நல்ல மனிதர், எல்லோருடைய பையையும் தூக்கிக் கொடுப்பார். குஸ்கோவில் இரண்டு நாளும் அவருக்குத் தலைவலி. குழுவிலேயே திடகாத்திரமான ஆள் என்று பெயர் வாங்கிவிட்டதால் வாயே திறக்கவில்லை. முதல் நாள் இரவு 3,900 மீட்டரில் இருக்கும் சொராய்பம்பாவில் முகாம். சாப்பாட்டுக் கூடாரத்துக்கு வரவில்லையே என்று போய்ப் பார்த்தேன். கூடாரத்தின் வாசலில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு முனையையும் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாதவர் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சார்?" என்றேன். "இதோ வந்துட்டேன்" என்றார். சிரித்தார். கை நகரவில்லை.

வழிகாட்டியைக் கூப்பிட்டேன். அவர் டார்ச் வெளிச்சத்தில் தரையில் ஒரு கோடு கிழித்து, குதிகாலை மறுகாலின் விரல் நுனியோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் நம் ஆள் பக்கவாட்டில் சாய்ந்தார், நாங்கள்தான் பிடித்தோம். நேர்கோட்டில் நடக்க முடியாவிட்டால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம் என்று பொருள். அதற்குமேல் 'விடியட்டும், பார்க்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. முகாம் வரை மண்சாலை இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஆக்சிஜனை மாட்டி, அரை மணி நேரத்தில் காரில் ஏற்றி மொயெபாத்தாவுக்கு இறக்கினோம். இறங்க இறங்கவே பேச்சு தெளிந்தது. காலையில் மருத்துவர் வந்து பார்க்கும்போது, முட்டை கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் கணவாய்க்கு அப்பால் இருந்திருந்தால் கதையே வேறு.

ஆகவே என் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். காலைக் காப்பியின்போது ஒவ்வொருவரும் தலைவலிக்கு எத்தனை மதிப்பெண் என்று உரக்கச் சொல்ல வேண்டும், பத்துக்கு எவ்வளவு என்று. முதலில் நான் சொல்வேன், பெரும்பாலும் 2 அல்லது 3. நான் சொன்னால் மற்றவர்களுக்கும் வாய் வரும். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை நம்பி மட்டும் இருக்காதீர்கள். குளிர்ந்த விரலில் தப்பான எண் காட்டும். போதாக்குறைக்கு, 'உனக்கு 84, எனக்கு 89' என்று பரீட்சை முடிவு பார்க்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

பழகும் கணக்கு இதுதான்: 3,000 மீட்டருக்கு மேலே, தூங்கும் இடத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் கூடுதலாக ஒரு இரவு. நான் விமான நிலையத்திலிருந்து குஸ்கோவில் தங்காமல் நேரே 2,800 மீட்டரில் இருக்கும் ஒய்யாந்தாய்தம்போவுக்குக் கூட்டிப்போய்விடுவேன். இரண்டு இரவு அங்கே தூங்கிவிட்டு குஸ்கோவுக்கு ஏறினால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. உடம்பு உயரத்துக்குப் பழக அசிட்டாசோலமைட் மாத்திரை உதவும். ஆனால் அது சல்ஃபா வகையைச் சேர்ந்தது, சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் உண்டு, மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா சப்பென்று இருக்கும். மூன்றாவதற்காக என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

கே: இன்கா பாதை, சல்கந்தாய், வாய்வாஷ். முதல்முறை போகிறவர்களுக்கு எது?

ப: முதல் இரண்டில் ஒன்று. இன்கா பாதை 42 கிலோமீட்டர், நாலு நாள். சமையல்காரர், போர்ட்டர் எல்லோரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகத்தான் போக முடியும், அனுமதிச் சீட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு, அந்த மாதங்களுக்கு வெகு முன்னாலேயே பதிவு செய்யுங்கள். பராமரிப்புக்காக ஒவ்வொரு பிப்ரவரியும் பாதையை மூடிவிடுவார்கள். பதிவு செய்தபின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தீர்களானால் பழையதையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். சோதனைச் சாவடியில் எண் பொருந்தாமல் ஒரு தம்பதி விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

சல்கந்தாய்க்கு அந்த வரம்பு இல்லை. ஆனால் கணவாய் 4,600 மீட்டருக்கும் மேலே.

வாய்வாஷ் வேறு ரகம். வடக்கே வராஸ் ஊரிலிருந்து போக வேண்டும். முழுச் சுற்றுக்குப் பெரும்பாலும் பத்து நாள் ஆகும், 5,000 மீட்டரைத் தொடும் கணவாய்கள், சாலையிலிருந்து வெகுதூரம். சாமான்களைக் கழுதைகள் சுமக்கும், கூடவே, நடக்க முடியாமல் போகிற ஆள் ஏறுவதற்கென்று ஒரு குதிரையும் வரும். அந்தக் குதிரைக்கு ஆகும் செலவைக் குறைக்கலாமா என்று கேட்கும் குழுவோடு நான் போவதில்லை. வழியில் ஒவ்வொரு ஊர்ச் சமூகமும் சோல் நாணயத்தில் கட்டணம் வசூலித்து ரசீது தரும். சில்லறை நிறைய வேண்டும், ரசீதுகளைத் தொலைக்கக் கூடாது.

கே: நம் சாமானை இன்னொருவர் முதுகில் ஏற்றுவது மனதுக்குச் சங்கடமாக இருக்கிறது.

ப: சங்கடம் இருக்கட்டும், அது நல்லதுதான். அதை எடைக்கல்லாக மாற்றுங்கள். பெருவில் 2001-ல் வந்த சட்டப்படி ஒரு போர்ட்டர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது. இன்கா பாதை தொடங்கும் 'கிலோமீட்டர் 82' இடத்தில் சுமையை எடை போடுவார்கள். அந்த வரிசையை நின்று பாருங்கள். ஒருமுறை ஒரு போர்ட்டரின் மூட்டை இரண்டு கிலோ கூடிவிட்டது. அவர் மூட்டையைப் பிரித்தபோது மேலே வந்து விழுந்தது எங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவரின் ஹேர் டிரையர். பாதையில் மின்சாரமே கிடையாது. அந்த அம்மணி அதைத் தன் பையிலேயே வைத்து நாலு நாளும் சுமந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

உங்கள் பங்குக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஏழு கிலோ, ஸ்லீப்பிங் பேக்கையும் சேர்த்து. பதிவு செய்யும்போதே நிறுவனத்திடம் கேளுங்கள்: போர்ட்டர்கள் எங்கே தூங்குகிறார்கள், அவர்களுக்குத் தரை விரிப்பு உண்டா, சாப்பாடு என்ன? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். கடைசி இரவு அன்பளிப்பைச் சிறு நோட்டுகளாக அவரவர் கையில் கொடுங்கள். 'சுல்பாய்கி' என்றால் கெச்சுவாவில் நன்றி. அதைச் சொன்னதும் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

கே: சைவம் மட்டும் சாப்பிடுவேன். பட்டினி கிடக்க நேருமா? கொதிக்க வைத்த தண்ணீரை நம்பிக் குடிக்கலாமா?

ப: உருளைக்கிழங்கின் பூர்வீகமே அந்த மலைகள்தான், பட்டினிக்கு வழியில்லை. கீன்வா சூப், சோளம், பாலாடைக்கட்டி எல்லாம் கிடைக்கும். ஆனால் 'சின் கார்னே', அதாவது இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வரும். கோழியும் வேண்டாம், மீனும் வேண்டாம், சூப்பில் எலும்புச் சாறும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்.

4,200 மீட்டரில் தண்ணீர் ஏறத்தாழ 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். கிருமி சாக அந்தச் சூடு போதும், பயறு வேகத்தான் போதாது. அதனால்தான் அங்கே சமையல்காரர்கள் பிரஷர் குக்கரை மலைமேல் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நாலாயிரம் மீட்டர் உயரத்தில், விடியற்காலை இருட்டில் குக்கர் விசில் கேட்டு எழுந்த அனுபவம் எனக்கு உண்டு.

கே: கூடாரத்தில் என்னோடு படுக்கப் போகிறவர் பயங்கரமாகக் குறட்டை விடுவார். மாற்றிக் கேட்டால் தப்பா?

ப: தப்பே இல்லை, முதல் நாளே கேளுங்கள். அல்லது காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் பயப்பட வாய்ப்பிருப்பது குறட்டை நின்றுபோகும்போதுதான். உயரத்தில் தூங்கும்போது மூச்சு ஏறி இறங்கி, சில விநாடி அறவே நிற்கும், பிறகு ஒரு பெரிய இழுப்போடு தொடங்கும். பக்கத்தில் படுத்திருப்பவர் பதறிப்போய் உலுக்கி எழுப்புவார். இரண்டு பேருக்கும் தூக்கம் போச்சு. அது பெரும்பாலானவர்களுக்கு வருவது, தன்னளவில் ஆபத்தில்லை. ஆனால் விழித்து உட்கார்ந்திருக்கும்போதே ஒருவருக்கு மூச்சு இரைத்து, இருமலும் சேர்ந்தால் அது நுரையீரல் விவகாரம். உடனே வழிகாட்டியை எழுப்புங்கள், இரவு எத்தனை மணியானாலும் சரி.

கே: கோகோ இலை ஒரு பொட்டலம் ஞாபகார்த்தமாகக் கொண்டுவரலாமா?

ப: அது கோகோ அல்ல, கோகா! சாக்லேட் வருவது வேறு செடியிலிருந்து. அங்கே அந்த இலையில் தேநீர் போட்டுத் தாராளமாகக் குடிக்கலாம், எல்லா விடுதியிலும் உண்டு. எல்லை தாண்டிக் கொண்டுவராதீர்கள். கோகெய்ன் எடுக்கும் இலை என்பதால் பல நாடுகளில் சட்டவிரோதம், தேயிலைப் பையாக இருந்தாலும். வேலைக்காகப் போதைமருந்துப் பரிசோதனை காத்திருக்கிறது என்றால் அங்கேயும் குடிக்க வேண்டாம், சோதனையில் காட்டிவிடும்.

கே: கேட்கவே வெட்கமாக இருக்கிறது. கழிப்பறை?

ப: எல்லோரும் கேட்க நினைப்பது, நீங்கள் கேட்டுவிட்டீர்கள். இன்கா பாதையில் முகாம்களில் கழிப்பறை உண்டு, பெரும்பாலும் குந்தி உட்காரும் வகை. நமக்குப் பிரச்சினையில்லை, மேற்கத்தியர்கள்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். சில குழுக்கள் சிறு கூடாரத்தில் தனிக் கழிப்பறையையும் கொண்டுவரும், அதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் ஒதுங்க நேர்ந்தால் ஓடையிலிருந்து நன்றாகத் தள்ளிப் போங்கள், காகிதத்தை ஒரு பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

நாலாம் நாள் விடியலில் இன்டி புங்கு என்ற சூரிய வாசலை அடைந்து, கீழே மச்சு பிச்சுவைப் பார்ப்பீர்கள். பல நாள் வெறும் மூடுபனிதான் தெரியும். அரை மணி நேரம் உட்கார்ந்தால் விலகவும் கூடும். ஆனால் பனி விலகுகிறதோ இல்லையோ, மச்சு பிச்சுவுக்குள்ளே கழிப்பறை கிடையாது, நுழைவாயிலுக்கு வெளியேதான். போன முறை என் குழுவில் பதினோரு பேர் கண்கலங்கிப் படம் எடுத்துக்கொண்டிருக்க, பன்னிரண்டாவது ஆள் ஓட்டமும் நடையுமாக வாசலைப் பார்த்துப் போனார். நாலு நாளில் முதல்முறையாக அன்றுதான் அவர் எல்லோருக்கும் முன்னால் போனார். வழக்கம்போல நான் அவரோடு போனேன்.