கைதட்டினால் ஹிட் வருமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு பல்கலைக்கழக ஊரில் சில ஆண்டுகளாக வசித்து வருகிறேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு, இங்கே வந்தபின் கல்லூரி பேஸ்பால் மீது பெரும் பற்று ஏற்பட்டுவிட்டது. இந்த ஆண்டு எங்கள் அணியில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் சேர்ந்திருக்கிறான். தொடக்க வாரங்களில் பந்தை விளாசித் தள்ளியவனுக்கு ஏப்ரல் பிறந்ததிலிருந்து ஹிட்டே விழவில்லை. (பந்தை அடித்துவிட்டு, அவுட் ஆகாமல் முதல் பேஸ் என்ற முனையையாவது ஓடிச் சேர்வதுதான் ஹிட்.) அவன் பேட்டோடு நடந்து வரும்போது சிலர் முனகுகிறார்கள், ஓரிருவர் ஊளையிடுகிறார்கள். "இப்போதெல்லாம் இவர்களுக்குப் பணம் கொடுக்கிறார்களே, திட்டினால் என்ன தப்பு?" என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்கிறார். பிலடெல்ஃபியாவில் ட்ரே டர்னர் என்ற தொழில்முறை வீரருக்குச் செய்ததைப் போல, வரும் வெள்ளிக்கிழமை அவன் ஆட வரும்போது அரங்கம் முழுவதையும் எழுந்து நின்று கைதட்ட வைக்கலாம் என்று நாங்கள் சிலர் திட்டமிட்டிருக்கிறோம். இது அவனுக்கு உண்மையிலேயே உதவுமா? அவனுடைய இன்ஸ்டாகிராமுக்கு ஆறுதலாக ஒரு செய்தி அனுப்பலாமா?

தங்கள் வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் திட்டத்தின் பின்னாலிருக்கும் நல்லெண்ணம் புரிகிறது. ஆனாலும் அந்தத் திட்டத்தைக் கைவிடச் சொல்லியே இந்தப் பதிலை எழுதுகிறேன். கைதட்ட வேண்டாம் என்பதல்ல. அரங்கமே எழுந்து நிற்க வேண்டாம் என்கிறேன்.

முதலில் நீங்கள் முன்மாதிரியாகச் சொல்லும் பிலடெல்ஃபியா நிகழ்வையே எடுத்துக்கொள்வோம். 11 ஆண்டுகளுக்கு 30 கோடி டாலர் ஒப்பந்தத்தில் பிலடெல்ஃபியாவின் ஃபிலிஸ் அணிக்கு வந்த டர்னர், 2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் .235 என்ற சராசரியில், அதாவது ஆயிரம் முறை ஆடினால் 235 ஹிட் என்ற கணக்கில், தடுமாறிக்கொண்டிருந்தார். தங்கள் சொந்த வீரர்களையே ஊளையிட்டு விரட்டுவதில் பேர்போன அந்த ஊர் ரசிகர்கள், ஆகஸ்ட் 4 வெள்ளிக்கிழமை அவர் களமிறங்கியபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். அதன்பிறகு அந்தப் பருவம் முடியும்வரை அவர் .337 சராசரியில் ஆடினார், 16 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றது) அடித்தார், ரசிகர்களுக்கு நன்றி சொல்லி ஊரில் விளம்பரப் பலகைகளே வைத்தார். கேட்பதற்கு இனிமையான கதைதான். ஆனால் அவர் 2021-இல் நேஷனல் லீகின் பேட்டிங் பட்டத்தை, அதாவது அந்த லீகிலேயே உயர்ந்த சராசரிக்கான பட்டத்தை, வென்றவர் என்பதை இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அத்தகைய ஆட்டக்காரர் .235-இலேயே கிடந்திருப்பார் என்று நினைக்க முகாந்திரம் இல்லை. கைதட்டல் இல்லாமலும் அவர் மேலே வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். எவ்வளவு வேகமாக வந்திருப்பார் என்பதைத்தான் யாராலும் சொல்ல முடியாது.

பேஸ்பாலின் கணக்கு அப்படிப்பட்டது. பத்து முறை ஆடி மூன்று முறை ஹிட் எடுப்பவர் நல்ல பேட்டர் எனப்படுகிறார். அவருக்கும் நான்கு வாய்ப்புள்ள ஆட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று ஹிட்டே இல்லாமல் முடியும். பத்து வாய்ப்புகளைத் தொடர்ந்து வீணாக்குவது ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று முறை நிகழக்கூடியது. ஒரு பருவத்தில் இருநூறு தடவை ஆடுகிறவனுக்கு அது எங்காவது ஓரிடத்தில் நேர்ந்தே தீரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே உங்கள் பையனின் ஏப்ரலில் ஒரு பகுதி வெறும் துரதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். மீதிப் பகுதி அநேகமாக எதிரணிகளின் வேலை. பிப்ரவரியில் அவனைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஏப்ரலுக்குள் அவன் எந்தப் பந்தைத் துரத்துகிறான் என்பது எல்லா அணிகளின் மடிக்கணினியிலும் ஏறியிருக்கும். உயர்நிலைப் பள்ளியிலிருந்து போன ஆண்டு வெளிவந்த ஒருவன், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எதிரணியின் மிகச் சிறந்த பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, சந்திக்கிறான். மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் பந்து அவனை அடைய ஏறத்தாழ 0.4 வினாடிதான் ஆகும். அதில் பாதிக்குள் அடிப்பதா விடுவதா என்று அவன் முடிவெடுத்தாக வேண்டும். தயக்கத்துக்கு அங்கே இடமே கிடையாது. ஃபார்ம் இழந்தவனிடம் மிகுதியாக இருப்பதோ தயக்கம்தான்.

ரசிகர்களின் ஆதரவு என்று பேசும்போது எனக்கு டர்னரைவிட கில் ஹாட்ஜஸ்தான் முக்கியமானவராகத் தோன்றுகிறார். புரூக்ளின் டாட்ஜர்ஸின் முதல் பேஸ் ஆட்டக்காரரான அவர், பருவ இறுதியில் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் 1952-ஆம் ஆண்டு ஏழு ஆட்டங்களில் 21 முறை ஆடி ஒரு ஹிட் கூட எடுக்கவில்லை. டாட்ஜர்ஸ் அந்தத் தொடரை நியூயார்க் யாங்கீஸிடம் தோற்றது. அடுத்த ஆண்டு மே மாதத்திலும் அவருடைய சராசரி .200-க்குக் கீழேயே கிடந்தது. புரூக்ளின் மக்கள் அவரை ஊளையிடவில்லை. கடிதங்களும் செபமாலைகளும் அதிர்ஷ்டப் பொருட்களும் அனுப்பினார்கள். அந்த மே மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புனித பிரான்சிஸ் சவேரியார் கோவிலின் அருட்தந்தை ஹெர்பர்ட் ரெட்மண்ட், மறையுரை ஆற்ற முடியாத அளவுக்கு வெக்கையாக இருக்கிறது, வீட்டுக்குப் போங்கள், கட்டளைகளைக் கடைப்பிடியுங்கள், கில் ஹாட்ஜஸுக்காகச் செபியுங்கள் என்று சொல்லிப் பூசைக்கு வந்தவர்களை அனுப்பிவைத்தார். அமெரிக்கப் பேஸ்பால் வரலாற்றில் இதைவிடக் குறுகிய, இதைவிடப் புகழ்பெற்ற மறையுரை வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் செபம் நடந்துகொண்டிருந்த அதே நாட்களில் இன்னொரு வேலையும் நடந்தது. டாட்ஜர்ஸ் மேனேஜர் சார்லி டிரெஸன், ஹாட்ஜஸ் ஆடுவதைப் படம்பிடிக்கச் செய்து அவருக்கே போட்டுக் காட்டினார். வலக்கை ஆட்டக்காரரான ஹாட்ஜஸின் இடது கால், பந்து வரும்போது பிட்சரை நோக்கி முன்னே வருவதற்குப் பதிலாக மூன்றாம் பேஸ் பக்கமாக விலகிக்கொண்டிருந்தது. கால் விலகினால் உடம்பும் கூடவே விலகும். வெளிப்பக்கம் வளைந்து விழும் பந்து பேட்டுக்கு எட்டாது. தன் கால் அப்படிப் போகிறது என்பதைத் திரையில் கண்டபிறகு நிற்கும் நிலையை மாற்றிக்கொண்டார். அந்த ஆண்டை .302 சராசரியிலும் 31 ஹோம் ரன்களிலும் முடித்தார். 1953 உலகத் தொடரில் .364 சராசரி எடுத்தார். புரூக்ளின் தன் ஒரே உலகத் தொடரை வென்ற 1955-இல், கடைசி ஆட்டத்தின் இரண்டு ரன்களுமே அவர் பேட்டிலிருந்துதான் வந்தன.

காலைச் சரிசெய்தது படச்சுருள்; ரசிகர்களல்ல. அப்படியானால் புரூக்ளின் மக்கள் செய்தது என்ன? தவறைத் தேடிக் கண்டுபிடித்து மாற்றிக்கொள்ளும் அவகாசத்தை அவருக்குக் கொடுத்தார்கள் என்பேன். ஊளைக்கு நடுவே ஆடுகிறவன் ஒரே அடியில் எல்லாவற்றையும் தீர்த்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு பந்தையும் மைதானத்துக்கு வெளியே அனுப்பப் பார்ப்பான், புதிய நிலையைப் பழகும்போது வரும் தடுமாற்றத்தைத் தாங்க மாட்டான், இரண்டு முறை தவறியதும் பழைய பழக்கத்துக்கே ஓடிவிடுவான். இன்று ஹிட் விழாவிட்டாலும் நாளை இவர்கள் இப்படியேதான் இருப்பார்கள் என்ற உறுதி இருப்பவனால்தான் காலை மாற்றிப் பார்க்க முடியும்.

இந்த இடத்தில்தான் உங்கள் வெள்ளிக்கிழமைத் திட்டம் எனக்கு உறுத்துகிறது. டர்னருக்கு அப்போது வயது முப்பது. பல ஆண்டுகள் பெரிய லீகில் அடித்துக் காட்டியவர். அவருக்குக் கிடைத்த கைதட்டல், நீ யாரென்று எங்களுக்குத் தெரியும் என்று நினைவூட்டியது. உங்கள் பையனுக்கு அப்படி நினைவூட்ட அரங்கத்திடம் இரண்டு மாதக் கணக்குக்கு மேல் ஒன்றுமில்லை. ஆயிரக்கணக்கானோர் திடீரென்று எழுந்து நின்றால், 'உன் நிலைமை இவ்வளவு மோசம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்' என்றே அவன் காதில் விழ வாய்ப்புண்டு. அதோடு, அந்தக் கைதட்டலுக்கு அவன் அன்றே விடை சொல்லியாக வேண்டும். முதல் முறை ஸ்டிரைக் அவுட் ஆனால், அதாவது மூன்று ஸ்டிரைக்குகளில் ஆட்டமிழந்தால், இரண்டாம் முறையும் எழுந்து நிற்பீர்களா? நான்காம் முறை எத்தனை பேர் நிற்பீர்கள்? அவன் எண்ணிப் பார்ப்பான்.

அதற்குப் பதிலாக, அவன் நன்றாக அடித்த மார்ச் மாதத்தில் எவ்வளவு சத்தம் போட்டீர்களோ அதே அளவு இப்போதும் போடுங்கள். ஆட்டம் அறிந்தவர்களுக்கு இன்னொன்றும் சாத்தியம். ஃபார்ம் திரும்புவதன் முதல் அடையாளம் பெரும்பாலும் ஹிட் அல்ல. சென்ற வாரம் வரை துரத்திய, வெளியே நழுவும் ஸ்லைடர் என்ற வளைபந்தை இந்த வாரம் அவன் விட்டுவிடுவான். அல்லது அடித்த பந்து பக்கவாட்டில் சிதறாமல் நேர் பின்னால் வலையில் போய் மோதும். நேரம் சரியாக அமைந்துவிட்டது, பேட் மட்டும் பந்துக்குச் சற்றுக் கீழே போய்விட்டது என்று அதற்குப் பொருள். நான்கு தவறான பந்துகளை விட்டுவிட்டு அவன் முதல் பேஸுக்கு நடந்து போனால் அதற்குக் கைதட்டுங்கள். அதைத் திட்டமிட்டு ஏற்பாடு செய்யத் தேவையில்லை, தெரிந்த பத்துப் பேர் தொடங்கினால் போதும். மற்றவர்கள் கவனிக்காததைக் கவனித்திருக்கிறார்கள் என்பது ஆடுகிறவனுக்கு உடனே தெரிந்துவிடும்.

பக்கத்து இருக்கைக்காரரின் வாதத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரைக் கொண்டு விளம்பர வருமானம் பெறலாம். 2025-இலிருந்து பல்கலைக்கழகங்களே நேரடியாகவும் பணம் தரலாம். ஆனால் நெடுங்காலம் ஒரு கல்லூரி பேஸ்பால் அணிக்கு 11.7 முழு உதவித்தொகைகளுக்குச் சமமான தொகைதான் அனுமதிக்கப்பட்டிருந்தது. அதை 27 பேர் வரை பங்குபோட்டுக்கொண்டார்கள். இப்போதும் பெரிய தொகை போவது சிலருக்கே. அப்படியே அந்தப் பையனுக்கு நல்ல தொகை கிடைத்தாலும், பணம் கொடுத்தவர் இவரல்லவே!

செய்தி அனுப்புவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சூதாட்டத்தில் பணம் இழந்தவர்கள் கல்லூரி ஆட்டக்காரர்களின் கைபேசிக்கே வசவுகளை அனுப்பும் காலம் இது. தனிப்பட்ட வீரர் ஒருவர் எத்தனை எடுப்பார் என்பது போன்றவற்றின் மீது பந்தயம் கட்டுவதைத் தடைசெய்யும்படி 2024-இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தலைவர் சார்லி பேக்கரே மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார். அவனுடைய செய்திப் பெட்டியைத் திறந்தால் உங்கள் ஆறுதலுக்கு முன்னும் பின்னும் என்னென்ன கிடக்குமோ தெரியாது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு அஞ்சலட்டையை அணி அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள். அதில் தோளை இறக்கு, காலைத் தூக்கு என்று ஆலோசனை எதுவும் எழுத வேண்டாம். அதற்குச் சம்பளம் வாங்கும் கோச் அங்கே இருக்கிறார். பிப்ரவரியில் அவன் அடித்ததில் நீங்கள் நேரில் பார்த்து ரசித்த ஒரு அடியைப் பற்றி எழுதுங்கள், போதும்.