பப்புக்குப் போகலாமா என்று கேட்ட கோத்தகிரித் தம்பிக்கு

கோத்தகிரியிலிருந்து மான்செஸ்டருக்கு மேல்படிப்புக்குப் போயிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: கூடப் படிக்கிறவர்கள் வெள்ளிக்கிழமை பப்புக்குக் கூப்பிடுகிறார்கள், எனக்குக் குடிப்பழக்கம் இல்லை, போகலாமா? எவ்வளவு செலவாகும்? நம்ம ஊர் ஆட்களை எங்கே பார்க்கலாம்? மளிகை எங்கே வாங்கலாம்?

இங்கிலாந்திலிருந்து லீவில் குன்னூர் வந்திருக்கிறேன். வெளியே மழை, கையில் நேரம் இருக்கிறது, நீளமாகவே சொல்கிறேன்.

போங்கள் தம்பி, கண்டிப்பாகப் போங்கள். ஊட்டிக் குளிரைப் பார்த்தவனுக்கு இதெல்லாம் என்ன என்ற தெம்பில்தான் நானும் அங்கே போய் இறங்கினேன். குளிர் ஒன்றும் செய்யவில்லை. டிசம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும், அதுதான் ஆளைச் சாய்த்தது. ஒரே வீட்டில் நாலைந்து பேர் இருந்தோம்; அவரவர் சமைத்துத் தின்றுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வோம். பப்பில்தான் மனிதர்களோடு பேசவே ஆரம்பித்தேன்.

அங்கே மேசையில் உட்கார்ந்தால் பெரும்பாலும் யாரும் வந்து ஆர்டர் எடுக்க மாட்டார்கள். கவுண்டருக்கு நாம்தான் போய், காசு கொடுத்து வாங்கி வர வேண்டும். லைம் சோடா கேளுங்கள், கோக் கேளுங்கள், ஆல்கஹால் இல்லாத பீர்கூட இருக்கும். ஏன் குடிக்கவில்லை என்று நோண்டி நோண்டிக் கேட்பது பெரும்பாலும் நம்ம ஆட்கள்தான்.

பார்த்து நடக்க வேண்டியது ரவுண்டு விஷயத்தில். ஒருவர் எழுந்து எல்லாருக்கும் வாங்கி வருவார், அடுத்தது அடுத்தவர். யாரும் கணக்கு எழுத மாட்டார்கள், ஆனால் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டில் ஒருவர் இருந்தார், நம்ம பக்கம்தான். மூன்றாவது ஆள் வாங்கித் தந்த கிளாஸில் அடி தெரிய ஆரம்பித்ததும், தன் முறை வருவதற்குள் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நழுவுவார். கொஞ்ச நாளில் அவரை யாரும் கூப்பிடுவதில்லை. வெள்ளைக்காரன் ஒதுக்குகிறான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஒரு பைண்ட், அதாவது 568 மில்லி பீர், பல இடங்களில் ஐந்து பவுண்டைத் தொட்டுவிட்டது. நாலு பேருக்கு வாங்கினால் இருபது. படிப்பு நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்ய முடியும் என்கிற மாணவருக்கு அது பெரிய காசு. ஆகவே முதல் கிளாஸை வாங்கிக்கொள்வதற்கு முன்பே, ‘நான் தனியாக வாங்கிக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இரண்டு கிளாஸ் உள்ளே போன பிறகு சொன்னால்தான் வம்பு.

இது நமக்குப் புதுசும் இல்லை. குன்னூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இன்றைக்கு நான், நாளைக்கு நீ என்றுதானே டீயும் வர்க்கியும் சாப்பிட்டோம்? அதே ஆட்கள் விமானம் ஏறியதும் பில்லைப் பென்னி பென்னியாகப் பிரித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது எனக்கு இன்னும் புரியவில்லை.

காலி கிளாஸைக் கவுண்டரில் கொண்டுபோய் வையுங்கள். நீலகிரி டாஸ்மாக்கில் 2022 முதல் காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திரும்பக் கொடுக்கிறார்கள். பப்பில் காசு வராது, முகம் பழகும். வயது பார்க்க அடையாள அட்டை கேட்பார்கள். அதற்காக பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள், வண்டி ஓட்டப் பழகுகிறவர்களுக்கு அங்கே கொடுக்கும் புரொவிஷனல் லைசென்ஸ் போதும். குடித்துவிட்டு ஓட்டுகிறவன் காரில் ஏறாதீர்கள். இங்கிலாந்தில் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை சட்டம் விடுகிறது, நம் நாட்டில் 30தான். அந்தத் தைரியத்தில் ஓட்டி மாட்டினால் குறைந்தது 12 மாதம் லைசென்ஸ் போகும், விசாவுக்கும் சிக்கல்.

நான் வழக்கமாகப் போகும் பப்பில் டிவியில் ஸ்னூக்கர் ஓடும். அந்த ஆட்டத்தின் விதிகளை 1880களில் எங்கள் ஊட்டி கிளப்பில்தான் எழுதி மாட்டினார்கள் என்று ஒரு பெரியவரிடம் சொன்னேன். நம்பாமல் சிரித்தார். அடுத்த வாரம் எங்கேயோ விசாரித்துவிட்டு வந்து அவரே எனக்கு ஒரு ரவுண்டு வாங்கித் தந்தார். இன்றைக்கும் எனக்கு அங்கே ‘ஊட்டி’ என்றுதான் பெயர்.

நம்ம ஊர் ஆட்களை நீங்கள் தேட வேண்டாம், அவர்களே உங்களைப் பிடிப்பார்கள். போய் நன்றாகச் சாப்பிடுங்கள். வீட்டு விலையும் பிஆர் (அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமை) கதையும் ஆரம்பித்ததும் கிளம்பிவிடுங்கள். மளிகைக்கு மான்செஸ்டரில் ரஷோம் பக்கம் போனால் போதும். வர்க்கி மட்டும் ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள், தகர டப்பாவில் போடச் சொல்லி. பாலிதீன் பையில் போட்டால் தூளாகத்தான் வந்து சேரும்.