வாசகர் கேள்வி பதில்: பழைய மோட்டார்ஹோமில் மங்கும் விளக்குகள்

கேள்வி: எங்களுடையது 1996 மாடல் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிச் சமைக்கும் வசதியுள்ள வண்டி). கேம்ப்கிரவுண்டில் கரண்ட் பிளக் போட்டால் உள்ளே விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது. பிளக்கை எடுத்துவிட்டு பேட்டரியில் ஓட்டினால் எல்லாமே மங்கல், தண்ணீர் பம்ப் ஓடும்போது இன்னும் மோசம். பேட்டரி புதுசு, பல்பும் மாற்றியாகிவிட்டது. என்னதான் கோளாறு? (வாசகர், ஒன்ராறியோ)

பதில்: பல்பு மேல் பழி போடாதீர்கள். பிளக் போட்டதும் சரியாக எரிகிறதென்றால் பல்பும் சரி, ஃபியூஸ் பெட்டியிலிருந்து பல்புக்குப் போகும் ஒயரும் அநேகமாகச் சரி. அப்போது மின்சாரம், வெளியே இருந்து வரும் 120 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டரிலிருந்து நேராக ஃபியூஸ் பெட்டிக்கு வந்துவிடுகிறது. அதனால் கோளாறு பேட்டரிக்கும் ஃபியூஸ் பெட்டிக்கும் நடுவில்தான். ஒரு மல்டிமீட்டர் போதும். விளக்கு, பம்ப் எல்லாவற்றையும் போட்டுவிட்டு முதலில் பேட்டரி முனையில் அளந்து பாருங்கள், அப்புறம் ஃபியூஸ் பெட்டியில். எதுவும் ஓடாமல் அளந்தால் அழுகிப்போன இணைப்புகூட 12.6 வோல்ட் என்று கூசாமல் காட்டும், லோடு கொடுத்தால்தான் அதன் குட்டு வெளிப்படும். பேட்டரியில் 12.4, பெட்டியில் 11 என்றால் 1.4 வோல்ட்டை வழியில் ஏதோ விழுங்குகிறது. பேட்டரியிலேயே 12-க்குக் கீழே இறங்கினால் புதுசோ பழசோ, முதலில் அதைச் சார்ஜ் செய்யுங்கள்.

நான் முதலில் சந்தேகப்படுவது நெகட்டிவ் ஒயரை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கும் இடத்தை. குளிர்காலச் சாலை உப்பு வருடக்கணக்காகத் தெறித்த இரும்பு அது, மேலே பார்த்தால் இறுக்கமாகத்தான் இருக்கும், கழற்றினால் வளையத்துக்கு அடியில் முழுக்கத் துரு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பேட்டரி நெகட்டிவையும் கழற்றிவிட்டு, வளையத்தையும் சேஸிஸையும் உலோகம் மின்னும்வரை உப்புத்தாளால் தேய்த்து, பல் வாஷர் போட்டு முடுக்கி மேலே கிரீஸ் தடவுங்கள். அதிலும் சரியாகவில்லையா? கதவுப் பக்கம் இருக்கும் பேட்டரி டிஸ்கனெக்ட் சுவிட்சை அழுத்தினால் உள்ளே ஒரு ரிலே (பேட்டரியை இணைத்துத் துண்டிக்கும் மின் சுவிட்ச்) வேலை செய்யும், அதன் காண்டாக்ட் கருகியிருக்கலாம். ரிலேயின் இரண்டு தடித்த முனைகளுக்கும் குறுக்கே லோடில் அளந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும்.

ஒன்று மட்டும் கவனம்: கனடா, அமெரிக்க வண்டிகளில் 120 வோல்ட்டிலும் கறுப்பு, வெள்ளை ஒயர்தான், 12 வோல்ட்டிலும் பலவற்றில் அதே நிறம்தான். நிறத்தை நம்பிக் கை வைக்காதீர்கள்.

கேள்வி: எல்இடி பல்பு மாற்றினேன். பிளக் போட்டால் துடிக்கிறது, பேட்டரியில் ஓடினால் துடிப்பதே இல்லை. பல்பு போலியா?

பதில்: பல்பைவிடக் கன்வெர்ட்டர்தான் கிழடு. அந்தக் காலத்துக் கன்வெர்ட்டர்கள் சிலவற்றிலிருந்து வரும் 12 வோல்ட் சீராக இருக்காது, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பழைய இழை பல்பு சூடு ஆறுவதற்குள் அடுத்த அலை வந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியவில்லை. எல்இடி உடனுக்குடன் காட்டிக்கொடுக்கிறது. பேட்டரி இணைப்பில் இருந்தால் இந்த அலையை ஓரளவு அடக்கும், அதனால் டிஸ்கனெக்ட் சுவிட்ச் பேட்டரியை இணைத்த நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியும் துடித்தால் கன்வெர்ட்டரையே மாற்றுவதுதான் நல்லது, பழசில் பல, பேட்டரியை அளவுக்கு மீறிச் சார்ஜ் செய்து தண்ணீரை வற்றவைப்பவை. எல்இடி வாங்கும்போதும் 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் என்று போட்டிருப்பதை வாங்குங்கள், சார்ஜ் ஆகும்போது 14 வோல்ட்டுக்கு மேலேகூடப் போகும். எல்இடியை விட்டுவிடாதீர்கள், 1156 நம்பர் பழைய பல்பு ஒன்றே சுமார் 2 ஆம்பியர் குடிக்கும்.

கேள்வி: சமையல் மேடைக்கு மேலே உள்ள டியூப் லைட் ஓரங்கள் கறுத்து, எரியத் திணறுகிறது.

பதில்: டியூபை மாற்றிப் பாருங்கள். புதுசும் திணறினால் உள்ளே டியூபை எரியவைக்கும் பாலஸ்ட் போய்விட்டது. அதற்குச் செலவழிக்காமல் பாலஸ்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே கூட்டுக்குள் 12 வோல்ட் எல்இடி பட்டையை ஒட்டி, சுவிட்சிலிருந்து நேராக ஒயர் கொடுத்துவிடுங்கள்.