கார்டியல் ஊற்றினால் மார்கரிட்டா ஆகாது

கேள்வி: கப்பலில் வேலை செய்யும் என் தம்பி ஒரு போத்தல் டெக்கீலா கொண்டு வந்தான். எங்கள் திருமண நாளுக்கு மார்கரிட்டா கலந்தோம். ஆரஞ்சு லிக்கர், கடையில் விற்கும் லைம் கார்டியல் (தண்ணீர் கலந்து குடிக்கும் இனிப்பு எலுமிச்சைப் பாகு), கிளாஸ் விளிம்பு முழுக்க உப்பு. மிட்டாயை உப்புத் தண்ணீரில் கரைத்த மாதிரி இருந்தது. அவர் இரண்டு வாய்க்கு மேல் தொடவில்லை. எங்கே தவறு?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: டெக்கீலா மேல் பழி போடாதீர்கள் சகோதரி, கோளாறு கார்டியலில்தான். ஆரஞ்சு லிக்கரிலேயே சர்க்கரை இருக்கிறது, அதன் தலையில் கார்டியலின் சர்க்கரையும் ஏறினால் புளிப்பு அமுங்கிப்போய், உப்பு மட்டும் தனியாக நாக்கில் நிற்கும். சந்தையில் நாம் வாங்கும் லிமாவ் நிப்பிஸ், அதாவது சின்னப் பச்சை எலுமிச்சை, போதும். மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டி, கலக்குவதற்குச் சற்று முன்னால் பிழியுங்கள். தோலை முறுக்கிக் கசக்க வேண்டாம், கசப்பு இறங்கும். கஸ்தூரி எலுமிச்சையிலும் செய்யலாம், வாசனை அருமையாக இருக்கும், ஆனால் அது வேறு பானம். முதல் தடவை வேண்டாம்.

அளவு: டெக்கீலா 50 மில்லி, ஆரஞ்சு லிக்கர் 20, எலுமிச்சைச் சாறு 15. இருமல் மருந்தோடு வரும் சின்ன மூடியில் கோடு போட்டிருக்கும், கழுவி அதிலேயே அளக்கலாம். ஷேக்கர் இல்லையா, இறுக்கி மூடும் ஜாம் போத்தல் எடுத்துக்கொள்ளுங்கள். பிரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த ஐஸை நிறையப் போட்டு, போத்தல் வெளியே வேர்த்துக் கை விறைக்கும்வரை, ஒரு பதினைந்து வினாடி, பலமாகக் குலுக்குங்கள். ஐஸ் கொஞ்சம் கரைவதும் கணக்கில் சேர்த்திதான். ஆனால் ஏற்கெனவே ஈரம் கோத்த ஐஸ் என்றால் நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீராகிவிடும். அப்புறம் வடிகட்டி ஊற்றுங்கள்.

உப்பு பாதி விளிம்புக்குப் போதும், அதுவும் வெளிப்பக்கம் மட்டும். அப்போதுதான் உள்ளே உதிராது, வேண்டாதவர் மறுபக்கம் குடிக்கலாம். கல் உப்பைக் கரண்டியால் நொறுக்கிக்கொள்ளுங்கள், தூள் உப்பு வேண்டாம்.

டெக்கீலா அகாவே என்ற செடியிலிருந்து வருவது, போத்தலில் '100% அகாவே' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதில் வேறு சர்க்கரையும் சேர்த்துப் புளிக்கவைத்திருப்பார்கள்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஜூஸ் மாதிரி இறங்கினாலும் ஒரு கிளாஸில் ஒன்றே முக்கால் டின் பீர் அளவு சாராயச் சத்து இருக்கிறது, அதனால் சோறு சாப்பிட்டுவிட்டு மெதுவாகக் குடியுங்கள். அன்று இரவு யாரும் காரோ மோட்டாரோ எடுக்க வேண்டாம். மிச்சக் கார்டியலைப் பிள்ளைகளுக்குத் தண்ணீரில் கலந்து கொடுங்கள்.